நான் நிமிர்த்திய கல்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஒரு கல் நேராக நின்றால் போதும். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று ஒருவனும் கேட்பதில்லை. இன்று மஞ்சள் பூசுகிறான். நாளைக்குத் துணி சுற்றுகிறான். அடுத்த மாதம் தகரக் கொட்டகையும் ரேடியோ செட்டும் வந்துவிடுகிறது. வாசலில் வந்து தண்ணீர் கேட்கிற மனுஷனை நாயை விட்டுத் துரத்துகிறவன், கல்லுக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றுகிறான். ஏன் என்று கேட்டால், "உனக்கு இன்னாய்யா தெரியும், பெருசு" என்கிறான்.

எனக்குத் தெரியும். காட்டுப்பாக்கத்தில் சாலையோரம் வேப்பமரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. அதை மண்ணுக்குள்ளிருந்து எடுத்து நிமிர்த்தியவன் நான்.

இது நடந்தது. நான் நாலாவது வரை படித்தவன். கற்பனை பண்ணி எழுதுகிற அளவுக்கு எனக்கு மூளையும் கிடையாது, பொழுதும் கிடையாது. பயந்துபோக ஆசைப்பட்டு இதைப் படிக்கிறவர்கள் ராத்திரி வரும், மழை வரும் என்று காத்திருக்க வேண்டாம். பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். என் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஏழு நிமிஷம். அது சரியான நேரம். பட்டறைக் கடிகாரத்தை முதலாளி எப்போதும் பத்து நிமிஷம் பின்னால் வைப்பான் என்று சொந்தமாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டியிருந்தேன்.

வருஷம் 1971. பாடியில் ஒரு இரும்புப் பட்டறை. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடிப்போம். பன்னிரண்டு ஆள். நான் உலைக்காரன், பெயர் துலுக்கானம். பட்டறையில் பெரிய சுத்தி மிஷினை ஓட்டியவன் சின்னசாமி. என் தங்கை நாகவல்லியின் புருஷன்.

நாகவல்லி எனக்கு இருபது வயது இளையவள். அம்மா செத்த பிறகு நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. அந்த வருஷம்தான் உண்டானாள். பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆறு வருஷம் காத்திருந்தவன் விடுவானா? சின்னசாமி ஏழு மாதம் கத்தரி படாமல் முடி வளர்த்தான். தோளைத் தொட்டது.

அந்த முடிதான் எனக்குப் பயம். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் கூரைக்கு அடியில் நீளமாக ஒரு இரும்புத் தண்டு. ஒரே மோட்டார் அதைச் சுற்றும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு மிஷினையும் ஓட்டும். பெல்ட்டின் இரண்டு முனையையும் கம்பிக் கொக்கியால் தைத்திருப்போம். அந்தத் தையல் சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் 'டப்' என்று ஒரு சத்தம். அறுபத்தெட்டில் ஒருவனுடைய துண்டு பெல்ட்டில் மாட்டியது. சுவிட்சை அணைக்க நான் எட்டு அடி ஓடினேன். எட்டே அடி. அதற்குள் அவன் கூரைக்குப் போய், தண்டைச் சுற்றி, கீழே வந்துவிட்டான். கழுத்து இருந்த இடத்தில் கழுத்து இல்லை. அவன் பல்லை நான் கரிக் குவியலிலிருந்து பொறுக்கினேன். அன்றிலிருந்து பட்டறையில் துண்டு கிடையாது, நீள முடி கிடையாது. அது முதலாளி சட்டம் இல்லை. என் சட்டம்.

சின்னசாமி கேட்கவில்லை.

ஆவணிக் கடைசியில் சுத்தி மிஷினின் அடித்தளம் வெடித்தது. மிஷினைத் தூக்கி, அடியில் கிடந்த கல்லை எடுக்க வேண்டி வந்தது. ஆறடி நீளம். அறுபத்து மூன்றில் பூவிருந்தவல்லி பஷீருதீன் பாய் தன் லாரியில் கொண்டுவந்து போட்ட கல். எட்டு வருஷம் அதன் முதுகில்தான் சுத்தி இறங்கியது. நிமிஷத்துக்கு நூறு அடி.

செயின் போட்டுத் தூக்கினோம். பாதி தூக்கியதும் செயின் வழுக்கியது. வரதன் என்று ஒருவன், சம்மட்டி அடிப்பவன், காலை உள்ளே வைத்திருந்தான். மூன்று விரல் போயிற்று. போயிற்று என்றால் நசுங்கி, சப்பாத்திமாவு மாதிரி கல்லோடு ஒட்டிக்கொண்டது. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கல்லைக் கழுவினேன்.

மண் கரைந்தது. ரத்தம் மட்டும் கரையாமல் வளைவு வளைவாக உள்ளே தங்கி நின்றது.

அப்போதுதான் உருவம் தெரிந்தது.

ஒரு ஆள். குந்தி உட்கார்ந்திருக்கிறான். கழுத்தில் மாலை. வலது கையில் வளைந்த கத்தி, கத்தி போகிற இடம் தலைக்குப் பின்னால். இடது கை தலைக்கு மேலே எதையோ பிடித்திருக்கிறது. முகத்தில் ஒரு சிரிப்பு. சுற்றிலும் ஜிலேபி பிழிந்த மாதிரி எழுத்து.

"முனீஸ்வரன்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான் சின்னசாமி. "எட்டு வருசமா சாமி தலைல சுத்தி போட்டுகினு இருந்திருக்கோம்!"

எல்லோரும் கும்பிட்டார்கள். கத்தி வைத்திருந்தால் காவல் சாமி. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். கத்தி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒருவனும் பார்க்கவில்லை. நானும்தான்.

பஷீருதீன் பாயைக் கூப்பிட்டு விட்டோம். வந்தார். கல்லைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"எங்க புடிச்ச பாய் இத?"

"காஞ்சீவரத்துக்கு வெளிய. பாழ் மண்டபம் ஒண்ணு. அது இன்னா ஊருன்னு நெனைக்கிற நீ? ராசாங்க வரிசையா உக்காந்து ஆண்ட பட்டணம். கடகால் தோண்டுனா செங்கல்லு, கெணறு தோண்டுனா செலை. மண்ணுக்கு மேல ஒரு ஊரு, கீழ ஒரு ஊரு. இந்த மாறி கல்லு அங்க எட்டு, பத்து கெடந்துச்சு. எல்லாம் குப்புறத்தான் கெடந்துச்சு."

"அதுக்கு?"

"நிக்க வெக்காத அண்ணாத்தே. அத்தினி கல்லுல ஒண்ணக்கூட அந்த ஊர்க்காரன் நிமுத்தி வெக்கல. கேட்டேன். 'தூங்கட்டும் வுடு'ன்னான் ஒரு கெயவன்."

பாய் நல்லவர்தான். ஆனால் பழைய கல்லுக்கு வெளிநாட்டுக்காரன் விலை கொடுக்கிறான் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. நம்மைப் பயமுறுத்தி ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒருவன் எனக்கு நல்லது சொன்னால் அவனுக்கு அதில் என்ன லாபம் என்றுதான் முதலில் பார்ப்பேன். அதனால் கெட்டதும் உண்டு, பிழைத்ததும் உண்டு.

மற்றவர்கள் தொடப் பயந்தார்கள். நான் கடப்பாரை போட்டு, செயின் இழுத்து, சுவர் ஓரமாகக் கல்லை நிமிர்த்தினேன். சுத்தி மிஷினுக்கு நேர் எதிரே. மணி நாலு ஐந்து.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். தனித்தனியாகச் சொன்னால் சிரிப்பீர்கள்.

காலையில் பட்டறை திறந்தால் கல் காய்ந்திருக்கும். கழுத்துப் பக்கம் மட்டும் ஈரம்.

சின்னசாமி சோறு தின்ன ஆரம்பித்தான். ஒரு டிபன் தின்கிறவன் மூன்று டிபன் தின்றான். ஆச்சரியம் அது இல்லை. ஆளாளுக்கு வந்து கொடுத்தார்கள். பக்கத்துப் பட்டறைக்காரன் கறி கொண்டுவந்தான். டீக்கடைக்காரன் காசு வாங்கவில்லை. "ஏன்டா?" என்று கேட்டேன். "தெரில அண்ணாத்தே, அவரப் பாத்தா குடுக்கணும்னு தோணுது" என்றான்.

முடியை உச்சியில் தூக்கி முடிந்துகொண்டான். பெண்கள் கொண்டை மாதிரி இல்லை. நேராக, மேலே.

ஒரு நாள் மத்தியானம் உடைந்த ஸ்பிரிங் பட்டையில் ஒரு அரிவாள் அடித்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்காத வேலை. இந்தப் பக்கத்து அரிவாள் இல்லை அது. நீளம் இரண்டு முழம். உள்வளைவில் கூர். பிடி இரண்டு கை பிடிக்கிற அளவு.

"யாரு மாப்ளே அளவு குடுத்தது?"

"யாரும் குடுக்கல மச்சான். கை தானா அடிக்குது."

நான் திரும்பிக் கல்லைப் பார்த்தேன். அளவு அங்கே இருந்தது.

ஆயுத பூசைக்கு முதல் நாள். சாயங்காலம் ஐந்து இருபது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னசாமி பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து தண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டை பெல்ட்டிலிருந்து நாலு விரல் தூரம். இழுத்து வெளியே கொண்டுபோய், டீக்கடை வாசலில் வைத்துக் கன்னத்தில் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"வெட்றா முடிய! இன்னிக்கே வெட்ற. இல்லேன்னா நானே வெட்டுவேன்!"

"கொயந்த பொறக்கட்டும் மச்சான்."

"நீ செத்தா கொயந்தைக்கு யார்றா அப்பன்? அந்தக் கல்லா?"

அவன் கோபப்படவில்லை. ரத்தத்தை நக்கிக்கொண்டு சிரித்தான். கட்டுப்போட்ட காலோடு வரதன் பார்த்துக்கொண்டிருந்தான். பத்துப் பேர் பார்த்தார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆயுத பூசை. மிஷினெல்லாம் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, சுத்தி, இடுக்கி, அரம் எல்லாவற்றையும் அந்தக் கல்லுக்கு முன்னால் பரப்பினார்கள். நடுவில் அந்த அரிவாள். கல்லுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கண்ணுக்கு வெள்ளைச் சாயம் வைத்தான் சின்னசாமி. சேவல் அறுத்தார்கள். தலை துண்டான பிறகும் அது கல்லைச் சுற்றி ஒரு சுற்று முழுதாக ஓடி வந்து, சின்னசாமியின் காலடியில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கல்லுக்குப் போட்ட மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்கள். பெரிய மிஷின் ஓட்டுகிறவனுக்கு அது மரியாதை. வருஷா வருஷம் உண்டு.

மாலை. குளியல். விருந்து. கத்தி.

அன்று எனக்கு அது எதுவும் தோன்றவில்லை.

பதினொன்று முப்பதுக்குப் பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லோரும் கிளம்பினார்கள். சின்னசாமியும் கிளம்பினான். "நீ வா மச்சான், நான் டீக்கடைல கீறேன்" என்றான். நான் மெயினை அணைத்து மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவசர ஆர்டர் இருந்தது. பூசை அன்றைக்கே முதலாளி திருட்டுத்தனமாக மிஷினை ஓட்டுவான் என்று சந்தேகம். ஓட்ட விடக் கூடாது. கதவைப் பூட்டினேன். மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

டீக்கடையில் சின்னசாமி இல்லை. அண்ணனூருக்குப் போகிற பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். இல்லை. அண்ணனூரில்தான் அவர்கள் வீடு, அங்கே நாகவல்லி இலை போட்டுக் காத்திருப்பாள். இருபது நிமிஷம் நின்றேன். டீக்கடைக்குத் திரும்பி வந்தேன்.

"எங்கடா என் மாப்ளே?"

"பட்டறைக்குள்ள போனாரே அண்ணாத்தே. மாலையோட."

"எப்போ?"

"நீ பூட்டிகினு போனப்புறம்."

பட்டறை வாசலுக்கு வந்தேன். பூட்டு நான் பூட்டியபடியே தொங்கியது. பின்சுவர் எட்டடி, மேலே கண்ணாடித் துண்டு. டீக்கடை நாய் வாசலில் நின்றது. குரைக்கவில்லை. வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு, கதவின் அடி இடுக்கையே பார்த்தது.

மணி பன்னிரண்டு ஏழு.

உள்ளேயிருந்து...

டப்.

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று ஃபியூஸ் கட்டையும் இருந்தது.

டப்... டப்...

பெல்ட்டின் தையல். மோட்டார் சத்தம் இல்லை. மற்ற மிஷின் சத்தம் இல்லை. பெல்ட்டு மட்டும். மெதுவாக. யாரோ கையால் இழுக்கிற மாதிரி.

சாவி போட்டேன். வாசலோரம் கிடந்த கைச்சுத்தியை எடுத்துக்கொண்டேன். இரண்டு கிலோ.

உள்ளே புகை இல்லை, ஆனால் எண்ணெய்த் திரி வாசம். குளிர்ச்சி. உலை இருக்கிற இடத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி நான் கண்டதில்லை. தெருவில் ஒரு பெண்பிள்ளை இல்லை. ஆனால் குலவைச் சத்தம் கேட்டது. தூரத்தில். நூறு பேர், இருநூறு பேர்... கூரைக்கு அந்தப் பக்கம்.

கூரை ஓட்டையில் வெயில் கம்பி மாதிரி நேராக இறங்கியிருந்தது.

அந்த வெயிலில் சின்னசாமி.

குந்தி உட்கார்ந்திருந்தான். கல்லுக்கு முன்னால். கழுத்தில் மாலை.

கொண்டையில் வாழைநார்க் கயிறு. கயிறு மேலே போய்ப் பெல்ட்டில் முடிந்திருந்தது.

டப்.

பெல்ட்டு ஒரு விரல் ஏறியது. அவன் கழுத்து ஒரு விரல் நீண்டது.

நெற்றித் தோல் மேலே இழுபட்டுக் கண் மூடவில்லை. காதோரம் தோல் பிய்ந்து ரத்தம் இறங்கியது.

கையில் அரிவாள். பிடரிக்குப் பின்னால். இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே!"

டப்.

"டேய் சின்னசாமி! நாகவல்லிய நெனைச்சுப் பார்றா!"

அவன் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

"கை வரல," என்றான். "கை குடு."

ஓடினேன். எட்டு அடி.

இடது கையில் சுத்தி. வலது கையால் அரிவாள் பிடியைப் பற்றினேன். என் பக்கமாக இழுத்தேன்.

அசையவில்லை.

இழுத்தேன்...

இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இழுப்பது கஷ்டமாக இருந்தது. இரும்பு மலையை இழுப்பது மாதிரி. ஆனால் அந்தப் பக்கம் தள்ளுவது... லேசு. பழுத்த பப்பாளியில் கத்தி இறங்குகிற மாதிரி லேசு. அது என் கைக்குத் தெரிந்துவிட்டது.

என் கை ஒரு தடவை அந்தப் பக்கம் போயிற்று.

நான் போகச் சொல்லவில்லை.

சதை கிழிகிற சத்தம் கேட்டது. சூடாக ஏதோ என் முழங்கை வரை ஓடியது. குலவை பெரிதாயிற்று.

கல்லைப் பார்த்தேன். வெள்ளைச் சாயம் வைத்த கண் என்னைத்தான் பார்த்தது. அவனை இல்லை.

என்னை.

டப்.

சுத்தியை ஓங்கி அவன் மணிக்கட்டில் அடித்தேன்.

எலும்பு உடைந்தது.

இன்னொரு அடி.

விரல் விரிந்தது. அரிவாள் என் கைக்கு வந்தது.

கொண்டையை அறுத்தேன்.

கயிறும் முடியும் சவுக்கு மாதிரி மேலே போய்த் தண்டைச் சுற்றிக்கொண்டது.

பெல்ட்டு நின்றது.

குலவை நின்றது.

மணி பன்னிரண்டு பத்தொன்பது.

டீக்கடைக்காரன் உள்ளே வந்து பார்த்தபோது அவன் பார்த்தது இதுதான். என் மாப்பிள்ளை ரத்த வெள்ளத்தில். ஒரு கையில் சுத்தியும் ஒரு கையில் அரிவாளுமாக நான்.

அதற்கு மேல் உங்களுக்கே புரியும். முதல் நாள் அறைந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். "நானே வெட்டுவேன்" என்று நான் கத்தியதை வரதன் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். எனக்கு அங்கே கிடைத்த அடியை இங்கே எழுதவில்லை. இரண்டு பல் போயிற்று. பதினோரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள்.

சின்னசாமி பிழைத்தான். பிடரியில் விரல் ஆழம். எலும்பில் நின்றிருந்தது. பேச்சு வந்ததும் போலீசிடம், "நானா வெட்டிகினேன் சார், மச்சான் தடுத்தாரு" என்றான். ஆனால் அவனுக்கு மாலை போட்டது வரைதான் ஞாபகம். பிறகு ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் ஒன்றும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறான். எட்டடிச் சுவரை எப்படித் தாண்டினாய் என்று கேட்டேன். "எந்தச் சுவரு மச்சான்?" என்றான். உள்ளங்காலில், உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை.

வலது கை செத்துவிட்டது. இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறான்.

வெளியே வந்ததும் அண்ணனூருக்குப் போனேன். நாகவல்லி வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணே. அருவா அவுரு கழுத்துல எறங்கசொல்லோ உன் கை அதுல இருந்துச்சா, இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளை வளர்த்தவன் நான். அவளிடம் பொய் வரவில்லை.

"இருந்துச்சு."

கதவைச் சாத்தினாள். கார்த்திகை மாதம் பெண் குழந்தை பிறந்தது. நான் அந்தக் குழந்தையை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி.

கல்லை ஆயுத பூசை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொன்னான் முதலாளி. பஷீருதீன் பாய்தான் வந்தார். காஞ்சிபுரத்தில் எடுத்த இடத்திலேயே குப்புறப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். காட்டுப்பாக்கம் தாண்டுவதற்குள் லாரியின் அச்சு முறிந்தது. கல்லைச் சாலையோரம் தள்ளினார். குப்புறத்தான் தள்ளினேன் என்று சத்தியம் பண்ணுகிறார். காலையில் போய்ப் பார்த்தால் நின்றிருந்ததாம். ஊர்க்காரன் எவனாவது நிமிர்த்தியிருப்பான்.

எட்டு வருஷம் ஓடியது. போன ஆனி மாதம் பாயைப் பார்க்கப் பூவிருந்தவல்லி போனேன். பஸ் காட்டுப்பாக்கத்தில் பஞ்சர். இறங்கி நின்றேன். மரத்தடியில் சண்டை. கல்லுக்கு விளக்கேற்றுகிற எல்லம்மா என்ற பொம்பளை, பேண்ட் போட்ட ஒரு ஆளைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தான். பழைய எழுத்தைப் படியெடுக்கிற சர்க்கார் ஆள். பெயர் ராஜசேகரன் என்றான்.

"சாமிய பிரஷ்ஷால அடிக்கிறியே, உன் கை வெளங்குமா?"

"இது சாமி இல்லம்மா."

"அப்ப உன் மாமனாரா?"

எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு கேட்டேன். "சாமி இல்லேன்னா யாரு?"

அவன் என்னைப் பார்த்தான். கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. "தன் தலையைத் தானே அறுத்துக் கொடுத்தவர், பெரியவரே. காஞ்சிபுரத்துல ராஜாக்கள் இருந்த காலம். எதிரிப் படை கோட்டை வரைக்கும் வந்துட்டா, ராஜா ஜெயிக்கணும்னு ஒரு வீரன் காளிக்குத் தலையை நேர்ந்துக்குவான். குளிப்பாட்டி, விருந்து போட்டு, மாலை போடுவாங்க. மூங்கிலை வளைச்சு அவன் முடியை அதுல கட்டுவாங்க. அறுத்ததும் தலை மேல போயிடும்."

என் முழங்கையில் சூடாக ஏதோ ஓடுகிற மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். வேர்வை.

"ராசா யாராச்சும் தலைய குடுத்தானா?"

அவன் சிரித்தான். "அப்படி ஒரு கல்லை நான் பார்த்ததில்லை. ராஜா பேரு கோபுரத்துல இருக்கு. கொடுத்தவன் பேரு இப்படி ரோட்டோரத்துல."

"இதுல இன்னா எழுதிக்கீது?"

காகிதத்தை உரித்து வெயிலில் பிடித்தான். விரலை வைத்து மெதுவாகப் படித்தான்.

"பேரு போயிடுச்சு... தலை கொடுத்தான்... வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நிலம் விட்டோம்... இது கொஞ்சம் விசித்திரமா இருக்கு. வேற எங்கேயும் நான் படிச்சதில்லை. 'கை தளர, மைத்துனன் கை கொடுத்தான்.'" நிமிர்ந்தான். "கழுத்தை அறுக்கும்போது கை ஓயும் இல்லையா... பெண்டாட்டியோட அண்ணன் பிடிச்சு முடிச்சிருக்கான். 'இக்கல்லும் அவனே நிமிர்த்தினான்.'"

லாரி ஒன்று போயிற்று.

"யார்யா உனக்கு இந்தக் கதைய சொன்னது?"

"கதையா?"

"பாய் சொன்னாரா? பாடில எவனாச்சும் சொன்னானா?"

"பெரியவரே, நான் இன்னிக்குக் காலைலதான் இந்த ஊருக்கே வந்தேன்."

எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான். பத்துப் பேருக்குத் தெரிந்த விஷயம். பத்திரிகையில்கூட நாலு வரி வந்தது. ஜிலேபி மாதிரி இருக்கிற எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவன் சொன்னால்தான் உண்டு. நான் போய்ச் சரி பார்க்கவா முடியும்? எந்த ஊரில் மச்சான் இல்லை? எந்தக் காலத்தில் இல்லை? நான் நம்பவில்லை.

பஸ்ஸுக்குப் பஞ்சர் ஒட்டியாகிவிட்டது. கண்டக்டர் விசில் அடித்தான். எல்லம்மா குங்குமத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். இடது கையை நீட்டினேன்.

"இன்னா நைனா, சாமி குங்குமத்துக்கு ஒட்டாங்கைய நீட்டுற? சோத்தாங்கைய நீட்டு."

நீட்டவில்லை. வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். குங்குமம் வாங்காமலே நடந்தேன். பஸ்ஸிலும் ஏறவில்லை.

பூவிருந்தவல்லி மூன்று மைல்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அதில் ஒன்றும் இல்லை. கல்தானே.